கெணத்துல எத்தனை அடி தண்ணி?

தர்மபுரியிலிருந்து பாலக்கோடு போகும் பஸ்ஸில் இரண்டு தோட்டக்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால், மாங்காய் விலை, தக்காளி விலை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி வந்துவிடும்.

"உங்க கெணத்துல தண்ணி எத்தனை அடி நிக்குதுங்க?"

"பன்னெண்டு அடி இருக்குங்க."

"அப்ப இந்தக் கோடை ஓட்டிரலாம்."

கேட்டவருக்குத் திருப்தி, சொன்னவருக்கும் திருப்தி. நடுவில் உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் உறுத்தும். பன்னிரண்டு அடி என்பது உயரம். உயரத்தை மட்டும் வைத்துக்கொண்டு தண்ணீர் எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? கிணறு எத்தனை அகலம், எந்த வடிவம் என்று யாரும் கேட்பதில்லை. சொந்த ஊருக்குள் என்றால் கேட்கத் தேவையும் இல்லை. யார் கிணறு எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் மனப்பாடம். பஸ்ஸில்தான் சிக்கல்.

அக்கா மகள் பத்தாவது படிக்கிறாள். அவள் புத்தகத்தில் அளவியல் என்று ஒரு பாடம். கன அளவு, புறப்பரப்பு, உருளை, கூம்பு, இடைக்கண்டம் என்று வரிசையாக வரும். இதற்கெல்லாம் அடிப்படை பட்டகம். மேலும் கீழும் ஒரே வடிவம், நடுவில் எந்த இடத்தில் குறுக்கே வெட்டினாலும் அதே வடிவம், அதுதான் பட்டகம். கன அளவு வேண்டுமா, அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கு. முடிந்தது. அடிப்பக்கம் முக்கோணமாக இருக்கட்டும், அறுகோணமாக இருக்கட்டும், கோணல்மாணலாக இருக்கட்டும், கணக்கு மாறாது. வட்டத்துக்கு மட்டும் உருளை என்று தனிப்பெயர் கொடுத்திருக்கிறார்களே தவிர, கணக்கு அதேதான்.

"அப்போ வடிவத்துக்கு மதிப்பே இல்லையா மாமா? பரப்பு மட்டும் போதுமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு. சுருக்கமாகச் சொன்னால், பரப்பு கையில் இருந்தால் வடிவம் தேவையில்லை. ஆனால் பரப்பை யாரும் சும்மா தருவதில்லை. அதைச் சுற்றிச் சுவர் கட்டவேண்டும், தகரம் வளைக்கவேண்டும், பாறையை உடைக்கவேண்டும். செலவு வரும் இடத்தில்தான் வடிவம் வாய் திறக்கும்.

முதலில் பெரியப்பா கிணறு. 30 அடிக்கு 30 அடி, சதுரம். ஆழம் 40 அடி. அடிப்பரப்பு 900 சதுர அடி. ஒரு கன அடி தண்ணீர் என்பது 28.3 லிட்டர். ஆக, அந்தக் கிணற்றில் ஒரே ஒரு அடி தண்ணீர் ஏறினால் சுமார் 25,500 லிட்டர். அவருக்குப் பன்னிரண்டு அடி நிற்கிறது. 10,800 கன அடி, மூன்று லட்சம் லிட்டருக்குச் சற்று மேல்.

பக்கத்துத் தோட்டத்துக் கிணறு 20க்கு 20. அதில் இருபது அடி தண்ணீர். அந்த வீட்டுக்காரர் வாரச்சந்தையில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். 400 சதுர அடியை 20ஆல் பெருக்கினால் 8,000 கன அடி, சுமார் 2,26,000 லிட்டர். உயரத்தில் எட்டு அடி அதிகம், தண்ணீரில் முக்கால் லட்சம் லிட்டர் குறைவு. பெரியப்பாவிடம் கணக்கைக் காட்டினேன்.

"அதான பார்த்தேன். அவனுக்கு இருபது அடிங்கறான், மத்தியானத்துக்குள்ள மோட்டாரு காத்து இழுக்குது" என்றார்.

இந்த லிட்டர் கணக்கு வயலுக்கு என்ன அர்த்தம் என்று தெரிய வயலையும் பட்டகமாகப் பார்க்கவேண்டும். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அதில் ஒரு அங்குலம் தண்ணீர் நிறுத்தினால், அடி மிகப் பெரிய, உயரம் மிகக் குட்டையான ஒரு பட்டகம். 3,630 கன அடி, ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். பெரியப்பாவின் பன்னிரண்டு அடி என்பது ஒரு ஏக்கருக்கு மூன்று அங்குலத் தண்ணீர். வாய்க்காலில் இழுப்பதும் வெயில் குடிப்பதும் இதில் சேராது. சொட்டுநீர்க் குழாய் போட்டவர்கள் ஏன் போட்டார்கள் என்று இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும்.

அடுத்து போர்வெல். தர்மபுரி மாவட்டத்தில் ஆயிரம் அடி போர் என்பது இன்று யாரையும் ஆச்சரியப்படுத்தாது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து நின்றால் வீடே சாமி கும்பிட்டுக்கொண்டு சுற்றி நிற்கும். ஆயிரம் அடி என்று சொல்லும்போதே ஒரு கடல் கண்ணில் தெரியும். கணக்குப் போடுங்கள். ஆறரை அங்குலக் குழி. அடிப்பரப்பு கால் சதுர அடிகூட இல்லை, 0.23 சதுர அடி. ஆயிரம் அடியும் மேல்வாய் வரை தண்ணீர் தளும்பி நின்றாலும் 230 கன அடிதான். சுமார் 6,500 லிட்டர். பெரியப்பா கிணற்றில் அது மூன்று அங்குலம். அதாவது அவர் கிணற்றுப் படியில் உட்கார்ந்தால் பாதம் மட்டும் நனையும் அளவு.

போர்வெல் மோசம் என்று நான் சொல்லவரவில்லை. அது தண்ணீரைச் சேர்த்துவைக்கும் பாத்திரமே அல்ல, பாறை இடுக்கில் இருப்பதை இழுக்கும் உறிஞ்சுகுழல். இடுக்கில் வரத்து இருக்கும்வரை ஓடும், நின்றால் அன்றைக்கே நின்றுவிடும். கிணறு அப்படியில்லை. ராத்திரி முழுக்கக் கசிந்து சேர்ந்ததை விடிகாலையில் இறைக்கலாம். இந்தச் சேமிப்பு, அடிப்பரப்பு தருகிற சேமிப்பு. ஆயிரம் அடி ஆழத்தால் தர முடியாததை முப்பது அடி அகலம் தருகிறது. ஆழம் போகப் போக எங்கள் மாவட்டத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு, ஃபுளோரைடு. பல்லில் பழுப்புக் கறையோடு ஒரு தலைமுறையே வளர்ந்தது. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2008ல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் கடனுதவியோடு கட்டி, 2013ல் திறந்தார்கள். இப்போது தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. அந்தத் தண்ணீரைத் தாங்கும் மேல்நிலைத் தொட்டிகள் பெரும்பாலும் வட்டம். ஏன் வட்டம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அக்கா மகளுக்கு வாயால் சொன்னால் போதாது. ஏ4 தாள் நான்கு எடுத்துக்கொண்டோம். 29.7 சென்டிமீட்டர் நீளம், 21 சென்டிமீட்டர் அகலம். நீளப் பக்கம் சுற்றாகவும் அகலப் பக்கம் உயரமாகவும் வரும்படி ஒன்றை மூன்றாக மடித்து முக்கோணக் குழாய், ஒன்றை நான்காக மடித்துச் சதுரக் குழாய், ஒன்றை ஆறாக மடித்து அறுகோணம், கடைசித் தாளைச் சுருட்டி வட்டம். ஓரத்தில் செல்லோடேப். நான்குக்கும் செலவான காகிதம் ஒன்றே, உயரமும் ஒன்றே. இட்டு நிரப்ப வீட்டில் இருந்தது ரேஷன் ராகி. 2023லிருந்து நீலகிரியிலும் எங்கள் மாவட்டத்திலும் ரேஷன் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாக ராகி கொடுக்கிறார்களே, அதுதான்.

சொம்பால் மொண்டு ஊற்றினாள். முக்கோணக் குழாய் சீக்கிரம் நிரம்பிவிட்டது. அதிலிருந்ததைச் சதுரக் குழாயில் கொட்டினால் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் வந்தது. சதுரத்தில் இருந்ததை அறுகோணத்தில் கொட்ட, மேலே இரண்டு விரல் குறைந்தது. வட்டத்தில் அதற்கும் மேல் இடம் இருந்தது. காகிதக் குழாய் ராகி கனத்தில் தொப்பை போட்டுக்கொள்ளும், அதனால் கையால் பிடித்துக்கொண்டே செய்யவேண்டும். இதில் ஒரு வேடிக்கை கவனித்தேன். தொப்பை போடும்போது சதுரக் குழாய் தானாகவே வட்டமாகத்தான் பார்க்கிறது. உள்ளேயிருந்து தள்ளும் ராகிக்கு எங்கே இடம் அதிகம் கிடைக்கும் என்று நம்மைவிட நன்றாகத் தெரிகிறது.

கணக்கில் வருவது இது. முக்கோணத்தின் பக்கம் 9.9 சென்டிமீட்டர், பரப்பு 42.4 சதுர சென்டிமீட்டர், கொள்ளளவு முக்கால் லிட்டரும் கொஞ்சமும், சரியாகச் சொன்னால் 0.89 லிட்டர். சதுரம் 1.16. அறுகோணம் 1.34. வட்டம் 1.47. வட்டத்தை நூறாக வைத்தால் அறுகோணம் 91, சதுரம் 79, முக்கோணம் 60 சொச்சம். ஒரே தாளை மடிக்கிற விதத்தில் நூற்றுக்கு நாற்பது போய்விடுகிறது.

"மாமா, இதையே நெட்டுக்குச் சுருட்டினா?" என்றாள். சுருட்டினோம். சுற்று 21, உயரம் 29.7. அதே தாள், அதுவும் வட்டம்தான். கொள்ளளவு 1.04 லிட்டர். குட்டையாகத் தொப்பையோடு நின்ற குழாய் பிடித்ததில் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறைந்துவிட்டது. சதுரக் குழாயைவிடவும் குறைவு! உயரம் ஒரே ஒரு முறைதான் பெருக்கலில் வருகிறது, அகலம் இரண்டு முறை வருகிறது. நெட்டையாக இருப்பதற்கு மரியாதை கொடுக்கும் கண்ணுக்கு இது கடைசிவரை பிடிபடாது. டீக்கடை கிளாஸ் செய்பவர்களுக்கு நன்றாகவே பிடிபட்டிருக்கிறது.

கிணற்றுக்கு உறை இறக்கும்போதும் இதைப் பார்க்கலாம். மூன்றடி விட்டமுள்ள சிமெண்ட் உறை ஒரு அடி உயரத்துக்கு 200 லிட்டர் பிடிக்கும். நான்கடி உறை 356 லிட்டர். விட்டத்தில் ஒரே ஒரு அடி கூட, தண்ணீரில் முக்கால் பங்குக்கும் மேல் கூட. செப்டிக் டேங்க்குக்கு உறை வாங்கப் போகிறவர்கள் எண்ணிக்கையில் ஒன்று கூட்டுவதற்குப் பதிலாக விட்டத்தைக் கூட்டச் சொல்லுங்கள்.

சரி, வட்டம்தான் ராஜா என்றால் எங்கள் பக்கத்துப் பழைய தோட்டக் கிணறுகள் ஏன் பெரும்பாலும் சதுரமும் செவ்வகமும்? 120 அடி சுற்றளவில் பெரியப்பாவின் சதுரக் கிணறு 900 சதுர அடி. அதே 120 அடியை வட்டமாக வளைத்திருந்தால் 1,146 சதுர அடி. 40 அடி ஆழத்துக்கு சுமார் 9,800 கன அடி கூடுதல், இரண்டே முக்கால் லட்சம் லிட்டர். தாத்தா காலத்தில் வெட்டியவர்களுக்கு இது தெரியாதா?

தெரியும். பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் கிணற்று மேட்டில் நிற்கும் இரண்டு கல் தூண்களைக் காட்டினார்.

"கவலை ஓட்டணுமில்ல?"

மோட்டார் வருவதற்கு முன்னால் எல்லாம் கவலை ஏற்றம்தான். கிணற்றோரத்தில் தூண் நட்டு, உருளை மாட்டி, வடக்கயிற்றின் ஒரு முனையில் தண்ணீர் மொள்ளும் சாலும் மறுமுனையில் ஒரு ஜோடி மாடும். மாடு சரிவில் இறங்கினால் சால் மேலே வரும், பின்னால் நடந்தால் சால் உள்ளே போகும். சால் செங்குத்தாக ஏறி இறங்க நேரான ஒரு சுவர் வேண்டும். மாடு போக அந்தச் சுவருக்குச் செங்குத்தாக ஒரு சரிவு வேண்டும். முப்பது அடி நேர்ச்சுவர் என்றால் இரண்டு கவலையைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டலாம். அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரித்தாலும் இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் எனக்கு என்று முடிந்துவிடும். வட்டக் கிணற்றில் பாகம் பிரித்தால் பஞ்சாயத்து முடியவே முடியாது.

இன்னொரு காரணம் கிணற்றுக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் மண்ணுக்கு அடியில் சார்னோக்கைட், நைஸ் என்ற கடும்பாறைகள். மேலே பத்துப் பதினைந்து அடி மண்ணும் சொரிக்கல்லும், அதற்குக் கீழே பாறை. பாறைக்குச் சுவர் கட்டத் தேவையில்லை, அதுவே நின்றுகொள்ளும். சுவர் கட்டும் செலவு இல்லாத இடத்தில் சுற்றளவை மிச்சம் பிடித்து என்ன லாபம்? மேலே இருக்கும் மண் பாகத்துக்கு மட்டும் கல் கட்டினால் போதும். தோட்டா வைத்து உடைக்கிறவர்களுக்கும் நேர்கோடு சுலபம். கிணற்றைச் சுற்றிலும் கிரேன் தூக்கிக் கொட்டிய கல்குவியல் கிடப்பதைப் பஸ்ஸில் போகும்போதே பார்க்கலாம்.

இதைவிட முக்கியமான விஷயம், இங்கே கிணற்றுக்குச் சுற்றளவு செலவு அல்ல, வரவு. தண்ணீர் ஊறுவது பாறையின் இடுக்கிலிருந்து. இடுக்கு எந்தச் சுவரில் வெட்டுப்படுகிறதோ அங்கே ஊற்று. சுவர் நீளமாக இருந்தால் இடுக்கைச் சந்திக்கும் வாய்ப்பும் அதிகம். 900 சதுர அடிக் கிணற்றை வட்டமாக வெட்டினால் சுவர் 106 அடிதான். சதுரத்துக்கு 120. அதே 900ஐ 60க்கு 15 என்று நீளவாக்கில் வெட்டினால் 150 அடி. பிடிக்கிற தண்ணீர் மூன்றிலும் ஒன்றுதான், ஊறுவதற்கு உள்ள முகம் வேறு வேறு. இடுக்கு எந்தத் திசையில் ஓடுகிறது என்று தெரிந்தவர்கள் நீளப் பக்கத்தை அதற்குக் குறுக்கே வைப்பார்கள். இருக்கிற கிணற்றில் ஊற்று போதவில்லை என்றால் சுவரில் படுக்கைவாட்டில் சைடு போர் போடுவதும் இதே காரியம்தான். கொள்ளளவு ஒரு லிட்டர்கூட ஏறாது, ஊறும் முகம் பெருகும்.

ஆற்றோரம், மணற்பாங்கான இடம் என்றால் எல்லாம் தலைகீழ். அங்கே மண் உள்ளே தள்ளும். நேர்ச்சுவர் நடுவில் பிதுங்கி விழும். வட்டச்சுவரில் நாலா பக்கமும் தள்ளத் தள்ளக் கற்கள் ஒன்றை ஒன்று இறுக்கிக்கொள்ளும். கீழடியில் தோண்டியெடுத்த உறைக்கிணறுகள் வட்டமாக இருந்ததற்கும் இன்று சிமெண்ட் உறை வட்டமாக வருவதற்கும் ஒரே காரணம். மண்ணுக்கு முன்னால் இரண்டாயிரம் வருஷம் பெரிய வித்தியாசம் இல்லை.

மேல்நிலைத் தொட்டியில் தள்ளுவது தண்ணீர், தள்ளும் திசை வெளியே. வட்டத் தொட்டியில் அந்தத் தள்ளல் சுற்றியுள்ள கம்பியை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இழுக்கும். கம்பிக்கு இழுபடுவது பிடிக்கும். சதுரத் தொட்டியில் சுவர் வளையப் பார்க்கும், வளைவதெல்லாம் மூலையில் வந்து சேரும். மாடியில் மேஸ்திரி கட்டிக்கொடுத்த சதுரத் தொட்டி முதலில் எங்கே கசிகிறது என்று பாருங்கள். மூலையில்தான். கொள்ளளவிலும் லாபம், வலுவிலும் லாபம் என்பதால்தான் சின்டெக்ஸ் தொட்டி முதல் கூட்டுக் குடிநீர்த் தொட்டி வரை வட்டம். ஒகேனக்கல் பரிசலும் வட்டம்தான், ஆனால் அது பட்டகம் இல்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

வட்டத்துக்கு ஒரு பலவீனம், ஒன்றோடு ஒன்று சேராது. உருளைகளை அடுக்கினால் நடுவில் சந்து விழும். சந்தில்லாமல் தளத்தை நிரப்பும் ஒழுங்கான வடிவங்கள் மூன்றே மூன்று: முக்கோணம், சதுரம், அறுகோணம். மூன்றில் குறைந்த சுவரில் அதிக இடம் தருவது அறுகோணம். எல்லா வடிவங்களையும் கணக்கில் எடுத்தாலும் தளத்தைச் சம பரப்பாகப் பிரிக்க அதைவிடச் சிக்கனம் இல்லை என்று தாமஸ் ஹேல்ஸ் என்ற அமெரிக்கக் கணிதர் 1999ல் நிரூபித்தார். நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் பாப்பஸ் தேனீயைப் பார்த்துச் சொன்னதற்கு அவ்வளவு காலம் கழித்து முழுச் சான்று. வத்தல்மலை, சித்தேரிப் பக்கத்தில் தேனடை எடுப்பவர்கள் கையில் இருப்பது மெழுகால் செய்த அறுகோணப் பட்டகங்கள்.

வட்டக் கிணறு வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பை, ஆரத்தின் வர்க்கம் என்று பயப்படவேண்டாம். காரிநாயனாரின் கணக்கதிகாரம் சொல்லும் வழி நேரடியானது: சுற்றளவில் பாதி, விட்டத்தில் பாதி, இரண்டையும் பெருக்கு, பரப்பு வந்துவிடும். கயிற்றைக் கிணற்று வாயைச் சுற்றிப் பிடித்து அளந்துகொள்ளுங்கள், 120 அடி. குறுக்கே இழுத்து அளந்துகொள்ளுங்கள், 38 அடியும் இரண்டு அங்குலமும் சொச்சமும். அறுபதைப் பத்தொன்பதே சொச்சத்தால் பெருக்கினால் 1,146. பை எங்கேயும் வரவில்லை. அது கயிற்றுக்குள் ஒளிந்திருக்கிறது. இந்த வழியைப் பள்ளிக்கூடத்தில் கிணற்றோரம் நிறுத்திச் சொல்லிக்கொடுத்திருந்தால் எங்கள் செட்டில் பாதிப் பேர் கணக்கில் பாஸாகியிருப்பார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் சுவர் செங்குத்தாக நின்றால்தான் செல்லும். பண்ணைக்குட்டைக்குச் செல்லாது. மண் கரை சரியாமல் இருக்கச் சாய்வாக வெட்டுவார்கள். மேலே 20 மீட்டருக்கு 20, ஆழம் 2 மீட்டர் என்றால் 800 கன மீட்டர் என்று பொக்லைன்காரர் சொல்லுவார். கரை ஒன்றரைக்கு ஒன்று சாய்வில் இறங்கினால் அடியில் 14க்கு 14தான் மிஞ்சும். மேற்பரப்பு 400, அடிப்பரப்பு 196, நடு ஆழத்தில் 17க்கு 17, அதாவது 289. மேலும் கீழும் ஒவ்வொரு பங்கு, நடுவில் நான்கு பங்கு எடுத்துக் கூட்டி ஆறால் வகுத்து ஆழத்தால் பெருக்கினால் 584 கன மீட்டர். எண்ணூறு எங்கே, 584 எங்கே! ஏரி வண்டல் எடுப்பவர்களும் இதைப் பார்த்துக்கொள்ளவேண்டும். ஏக்கருக்கு நஞ்சைக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 என்று அரசாங்கம் கணக்கு வைத்திருக்கிறது, டிராக்டருக்கு 3 கன மீட்டர் என்ற கணக்கில் 25 லோடு, 30 லோடு. டிரெய்லர் பெட்டி ஒழுங்கான பட்டகம். அதற்கு மேல் கோபுரமாகக் குவிப்பது இனாம்.

பெரிய அளவில் பார்க்க மேட்டூர் இருக்கிறது. அணை சேலம் மாவட்டத்தில் என்றாலும் தண்ணீர் பின்னோக்கிப் பரவி எங்கள் பென்னாகரம் வட்டத்து நாகமரை, ஒட்டனூர் வரை வந்து நிற்கும். 1934ல் கட்டி முடித்த அணை. முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, ஆயிரம் அடி நீள அகல உயரமுள்ள ஒரு கனசதுரம். செய்தியில் 60 அடி என்று போட்டால் பாதி அணை இருக்கிறது என்று நினைப்போம். அணை பட்டகமாக இருந்தால் அது சரி, 46 டி.எம்.சி.க்கு மேல் இருக்கும். உண்மையில் 60 அடியில் இருப்பது சுமார் 25. நூறு அடியில் 65ஐ ஒட்டி வரும். மிச்சமுள்ள மேல் 20 அடியில் மட்டும் ஏறத்தாழ 28 டி.எம்.சி. அடியில் குறுகி மேலே விரியும் பள்ளத்தாக்குக்கு எல்லா அடியும் ஒன்றல்ல. நாகமரையிலிருந்து பண்ணவாடிக்குப் படகில் போகிறவர்களுக்கு இது பாடமாகத் தேவையில்லை. அணை நிறைந்திருக்கும்போது கடல் மாதிரி கிடக்கும் தூரம், மட்டம் இறங்கினால் சுருங்கி ஆறாகிவிடும். தண்ணீர் விட்ட நிலத்தில் பயிர் ஏறும், முழுகிக் கிடந்த கோயில் நந்திச் சிலை தலை காட்டும்.

திரும்பப் பெரியப்பா கிணற்றுக்கு. அவருக்கு இந்த வருஷம் கிணற்றில் கொஞ்சம் வேலை பார்க்கவேண்டும். அகலப்படுத்தலாமா, ஆழப்படுத்தலாமா என்பதுதான் வீட்டில் பேச்சு. வட்டம், சதுரம் என்று இவ்வளவு பேசிய என்னைக் கேட்டார்கள். ஒரு பக்கம் பத்தடி அகலப்படுத்தினால் 10க்கு 30க்கு 40, வெட்டவேண்டியது 12,000 கன அடி, நூறு கன அடிக்கு ஒரு யூனிட் என்ற கணக்கில் 120 யூனிட். ஆனால் நல்ல வருஷத்தில்கூட அந்தக் கிணற்றில் தண்ணீர் பதினைந்து அடிக்கு மேல் நிற்பதில்லை. அதனால் கூடுதலாகக் கிடைக்கும் இடம் 10க்கு 30க்கு 15, வெறும் 4,500 கன அடி. மிச்சமெல்லாம் காற்று நிற்க வெட்டிய இடம். நிலமும் 300 சதுர அடி போகும். பத்தடி ஆழப்படுத்தினால் 90 யூனிட் வெட்டி, வெட்டியது பூராவும் தண்ணீர் நிற்கும் இடம். அகலம் இரண்டு முறை பெருக்கலில் வரும் என்று காகிதக் குழாயில் காட்டியது இங்கே உதவவில்லை. ஏற்கெனவே நாற்பது அடி பள்ளம் இருக்கிறது, அதில் தண்ணீர் அடியில் மட்டும் நிற்கிறது என்பதால் கணக்கு திரும்பிக்கொண்டது. எங்கள் பக்கம் எல்லாரும் ஆழப்படுத்திக்கொண்டே போவதற்கும் யாரும் அகலப்படுத்தாததற்கும் காரணம் இவ்வளவுதான்.

"முழுசா எதுக்குப்பா எறக்கணும்? ஊத்து மேற்காலச் செவுத்துல. அந்தப் பக்கம் பாதிய மட்டும் எறக்கு" என்றார் பெரியப்பா.

15க்கு 30க்கு 10. 4,500 கன அடி, 45 யூனிட். கிடைக்கும் இடம், 120 யூனிட் அகலப்படுத்தினால் வரும் அதே இடம். ஊற்றுச் சுவரும் பத்தடி இறங்கும். அதற்கு மேல் நான் பேசவில்லை.

பாறை உடைக்க வந்த கம்ப்ரசர்காரர் லோடு கணக்கில் காசு கேட்டார். கிரேனில் ஏறும் ஒவ்வொரு தொட்டிக்கும் இவ்வளவு என்று. பாறை குழிக்குள் இருக்கும்போது 45 யூனிட் என்றால், உடைந்த பிறகு சந்தும் சேர்ந்து ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பொங்கி 67, 68 யூனிட்டாக மேலே வரும். பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. வேலை முடிந்ததும் டேப் பிடித்துக் குழியை அளப்பது, குழிக்கு யூனிட் கணக்கில் காசு, ஏறுவதை எண்ணுவதில்லை என்று பேசி முன்பணம் கொடுத்தார்.